செத்தும் சாகாத 66ஏ: ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக போலீஸ் உங்களைக் கைது செய்யலாமா?

2012 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. சிவசேனா நிறுவனர் பால் தாக்கரேயின் இறுதி ஊர்வலம். மும்பை முழுக்கக் கடையடைப்பு. மகாராஷ்டிராவின் பால்கர் என்ற சிறு ஊரில் 21 வயது இளம்பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் சில வரிகள் எழுதினார். 'தினமும் எத்தனையோ பேர் இறக்கிறார்கள், அதற்காக ஊரே ஏன் அடைபட வேண்டும்' என்பதுதான் அதன் சாரம். கெட்ட வார்த்தையோ மிரட்டலோ எதுவும் அதில் இல்லை. அவருடைய தோழி அந்தப் பதிவுக்கு ஒரு லைக் போட்டார்.

அன்றைக்கே ஒரு கும்பல் திரண்டு, அந்தப் பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனையை அடித்து நொறுக்கியது. ஆனால் போலீஸ் முதலில் கைது செய்தது அந்த இரண்டு பெண்களைத்தான். எழுதியவருக்கும் கைது, லைக் போட்டவருக்கும் கைது!

அவர்கள் மீது போடப்பட்ட பிரிவுகளில் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2015-ல், அந்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடியோடு ரத்து செய்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை. இல்லாத சட்டத்தில் அடுத்த பல ஆண்டுகளுக்கு வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன.

எப்படி? இன்றைக்கு நிலைமை என்ன? ஒரு பதிவு போட்டதற்காக ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

66ஏ என்ன சொன்னது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது. 66ஏ அப்போது அதில் கிடையாது. 2008 டிசம்பரில், மும்பை தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. 2009 அக்டோபர் 27 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கணினி அல்லது செல்போன் வழியாக 'மிகவும் புண்படுத்தும்' தகவலையோ, 'அச்சுறுத்தும் தன்மை' கொண்ட தகவலையோ அனுப்பினால் 3 ஆண்டு வரை சிறை என்றது அந்தப் பிரிவு. பொய் என்று தெரிந்தே 'எரிச்சல்', 'அசௌகரியம்' ஏற்படுத்துவதற்காக ஒன்றைத் திரும்பத் திரும்ப அனுப்பினாலும் அதே தண்டனை.

புண்படுத்துவது என்றால் என்ன, எரிச்சல் என்றால் யாருக்கு எரிச்சல் என்று சட்டம் எங்கேயும் விளக்கவில்லை. உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் பிரச்சினை பற்றி நாலு தடவை மெசேஜ் போட்டால்கூட செகரட்டரிக்கு எரிச்சல் வரும். அதுவும் குற்றமா? சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் ஆமாம் என்று வாதிட இடம் இருந்தது.

இந்தச் சொற்களின் பூர்வீகம் பிரிட்டன். தொலைபேசி ஆபரேட்டர்களை ஆபாசமாகத் திட்டுபவர்களைத் தண்டிக்க அங்கே 1935-ல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் வழிவந்தவை அவை. இருவர் பேசும் தொலைபேசிக்கு எழுதிய விதியைக் கோடிக்கணக்கானோர் பேசும் இணையத்துக்கு மாட்டிவிட்டதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

யார் யார் மாட்டினார்கள்?

2012-ஐ 66ஏ-வின் ஆண்டு என்றே சொல்லலாம். ஏப்ரலில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், முதல்வர் மம்தா பானர்ஜி பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காகக் கைதானார். அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் முனைவர் ஒருவர், கார்த்தி சிதம்பரம் பற்றிப் போட்ட ஒரு ட்வீட்டுக்காகக் கைது செய்யப்பட்டார். அவரை அப்போது ட்விட்டரில் பின்தொடர்ந்தவர்கள் மிகச் சிலர்தான். கைதுக்குப் பிறகுதான் அந்த ட்வீட் நாடு முழுக்கப் பரவியது.

நவம்பரில் பால்கர். 2015 மார்ச்சில், தீர்ப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, உத்தரப் பிரதேசத்தில் 11-ம் வகுப்பு மாணவர் ஒருவர் அமைச்சர் ஆசம் கான் பற்றிய பதிவுக்காகக் கைதானார்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். மேற்கு வங்கத்தில் திரிணமூல், மகாராஷ்டிராவில் அப்போதைய காங்கிரஸ் கூட்டணி, உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதி என்று ஆட்சிகள் மாறினாலும் கைது மட்டும் மாறவில்லை. பிரிவைக் கொண்டுவந்தது காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு. பின்னர் அது வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது பாஜக தலைமையிலான அரசு. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கசக்கிற சட்டம், ஆளுங்கட்சியானதும் இனிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒரு மாணவி போட்ட வழக்கு

பால்கர் கைதைப் பார்த்துக் கொதித்த டெல்லி இளம்பெண் ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். பின்னர் வேறு பல மனுக்களும் சேர்ந்துகொண்டன. வழக்கு நடக்கும்போதே மத்திய அரசு இறங்கி வந்தது. 66ஏ-வில் கைது செய்ய உயர் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று 2013 ஜனவரியில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

ஆனால் நீதிபதிகள் ஜே.செலமேஸ்வர், ஆர்.எஃப்.நாரிமன் அமர்வு அதோடு திருப்தி அடையவில்லை. 'சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம்' என்று இன்றைய அரசு கொடுக்கும் வாக்குறுதி நாளைய அரசைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்களின் பார்வை. 2015 மார்ச் 24-ல் 66ஏ முழுமையாக ரத்தானது. கேரள போலீஸ் சட்டத்தில் இதே மாதிரி இருந்த 118(டி) பிரிவும் கூடவே போனது.

தீர்ப்பின் சாரத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். பேச்சுக்கு மூன்று படிகள் உண்டு. ஒன்று, ஒரு விஷயத்தை விவாதிப்பது. இரண்டு, ஒரு கருத்தை வலியுறுத்துவது. மூன்று, வன்முறைக்குத் தூண்டுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அரசியல் சாசனத்தின் 19(1)(ஏ) தரும் பேச்சுரிமைக்குள் வரும். மூன்றாவது படிக்குப் போகும்போதுதான் அரசு கை வைக்கலாம். 66ஏ மூன்று படிகளையும் ஒரே வலையில் அள்ளியது.

இன்னொரு காரணம், தெளிவின்மை. பிரிட்டனில் ஒரே பேச்சைக் கேட்டுவிட்டு, அது மிகவும் புண்படுத்துவதா இல்லையா என்பதில் ஒரு நீதிமன்றமும் அதற்கு மேலான நீதிமன்றமும் நேரெதிர் முடிவுக்கு வந்த வழக்கை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சட்டம் படித்த நீதிபதிகளுக்கே குழப்பம் என்றால், ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? பதிவு போடும் சாதாரண ஆள் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

அப்புறம் எப்படி உயிரோடு இருந்தது?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. டெல்லியில் தீர்ப்பு வந்தது. அது மாவட்டக் காவல் நிலையங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இதைக் கண்டுபிடித்து பியுசிஎல் என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 பிப்ரவரியில் ஓர் உத்தரவு வந்தது: தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும், மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்புங்கள், அவர்கள் காவல் துறைக்குச் சொல்லட்டும். அப்படியும் சரியாகவில்லை. 2021-ல் அதே அமைப்பு மறுபடி வந்தது. 2021 மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருப்பதாக மனு சொன்னது.

அந்த மனுவை விசாரித்தவர்களில் ஒருவர், தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி நாரிமன். இது அதிர்ச்சியாக இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

அப்போது மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் கே.கே.வேணுகோபால் கொடுத்த விளக்கம் சுவாரசியமானது. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் 66ஏ முழுதாக அச்சாகி இருக்கிறது. 'இது ரத்து செய்யப்பட்டது' என்ற வரி பக்கத்தின் அடியில், அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. வழக்குப் பதிவு செய்யும் போலீஸ்காரர் பிரிவைப் பார்க்கிறார், அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை!

கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அந்த அடிக்குறிப்பைப் படிக்காததன் விலையைக் கொடுத்தது போலீஸ் இல்லை. வக்கீல் ஃபீஸ் கட்டி, வேலைக்கு லீவு போட்டு, வாய்தா வாய்தாவாக கோர்ட்டுக்கு அலைந்த சாதாரண மக்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பிலும் நிலுவை வழக்கு உண்டா என்று கேட்பார்கள். வழக்கு கடைசியில் தள்ளுபடியாகலாம். அதுவரைக்குமான அலைச்சல்தான் உண்மையான தண்டனை.

2021 ஜூலையில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2022 அக்டோபர் 12-ல், தலைமை நீதிபதி யு.யு.லலித் தலைமையிலான அமர்வு முடிவாகச் சொன்னது: 66ஏ-வில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது, நிலுவை வழக்குகளிலிருந்து அந்தப் பிரிவை நீக்க வேண்டும். சட்டத்தைக் கொல்ல ஒரு தீர்ப்பு போதுமானதாக இருந்தது. அது செத்துவிட்டது என்று காவல் நிலையங்களை நம்பவைக்க ஏழரை ஆண்டுகள் பிடித்தன.

சட்டம் போனது, மனநிலை?

2020 நவம்பரில் கேரள இடதுசாரி அரசு, போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற புதிய பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. மிரட்டும், அவமதிக்கும் பதிவுகளுக்கு 3 ஆண்டு வரை சிறை. 66ஏ-வையும் 118(டி)-யையும் எதிர்த்து எழுந்த அதே விமர்சனம் மறுபடி எழுந்தது. சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது.

இப்போது 66ஏ இல்லாவிட்டாலும் வேறு பிரிவுகள் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் பதிவுகளுக்கு எதிராக அடிக்கடி எடுக்கப்படுபவை இவை:

• பிரிவு 196: பிரிவினரிடையே பகையை வளர்ப்பது
• பிரிவு 299: மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவது
• பிரிவு 353: பொது அமைதியைக் கெடுக்கும் வதந்தி
• பிரிவு 356: அவதூறு
• பிரிவு 152: நாட்டின் இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிப்பது

கடைசிப் பிரிவுதான் மிகக் கடுமையானது. ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. பழைய தேசத்துரோகப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்திவைத்தது. அதன் இடத்துக்கு வந்த இந்தப் பிரிவில் 'மின்னணுத் தகவல்தொடர்பு' என்ற சொல்லே நேரடியாக இடம்பெற்றிருக்கிறது.

அப்போ எதையும் தடுக்கவே கூடாதா?

நியாயமான கேள்வி. 2018 மே மாதம் தமிழகத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு முதிய பெண்ணை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. ஒரு ஃபார்வர்டுக்கு அவ்வளவு சக்தி உண்டு. பெண்களின் படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டுவது, டீப்ஃபேக், ஆள்மாறாட்ட மோசடி எல்லாமே நிஜமான பிரச்சினைகள்.

ஆனால் இவை எதற்கும் 66ஏ தேவைப்படவில்லை. அடையாளத் திருட்டுக்கு 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி, அந்தரங்கத்தைப் படம்பிடிப்பதற்கு 66இ, ஆபாசத்துக்கு 67 எனத் தனித்தனிப் பிரிவுகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. குற்றம் எது என்று குறிப்பாகச் சொல்லும் சட்டம் குற்றவாளியைப் பிடிக்கும். எரிச்சலைக் குற்றமாக்கும் சட்டம், அதிகாரத்தில் இருப்பவருக்கு யார் மீது எரிச்சலோ அவரைப் பிடிக்கும்.

கைது இல்லை, பதிவையே காணோம்!

இன்னொரு பக்கம், ஆளை விட்டுவிட்டுப் பதிவை மட்டும் தூக்குவது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, 69ஏ. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே முடக்கலாம். குழு பரிசீலிக்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும். 2020 ஜூனில் டிக்டாக் உட்பட 59 செயலிகள் இந்தப் பிரிவில்தான் தடை செய்யப்பட்டன. பாதுகாப்பு நடைமுறைகள் இருப்பதால் 2015 தீர்ப்பு இதை ரத்து செய்யவில்லை. ஆனால் உத்தரவுகள் ரகசியமாக வைக்கப்படுவதால், பதிவு போட்டவருக்கே காரணம் தெரியாமல் போகிறது.

இரண்டாவது வழி, 79(3)(பி). சட்டவிரோதப் பதிவு பற்றி அரசு தெரிவித்த பிறகும் நீக்காவிட்டால், எக்ஸ், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு போய்விடும். 69ஏ-வில் இருக்கும் கட்டுப்பாடுகள் இதில் இல்லை. இப்படியான நோட்டீஸ்களை அனுப்ப உள்துறை அமைச்சகம் 'சஹ்யோக்' என்ற இணையதளத்தை 2024-ல் தொடங்கியது.

முன்வாசலில் இருக்கும் பூட்டைத் தவிர்க்க அரசு கொல்லைப்புற வாசலைப் பயன்படுத்துகிறது என்று எக்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பர் 24-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. இணைச் செயலாளர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி, போலீஸ் என்றால் அதற்கென நியமிக்கப்பட்ட டிஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரி மட்டுமே நோட்டீஸ் அனுப்ப முடியும். சட்டக் காரணத்தையும் குறிப்பிட வேண்டும் என்பது திருத்தத்தின் சாரம்.

எல்லா வழக்கிலும் அரசு ஜெயிப்பதில்லை. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா இல்லையா என்று தானே தீர்மானிக்க மத்திய அரசு 'உண்மை சரிபார்ப்புப் பிரிவு' அமைக்க முயன்றது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில் 2024 செப்டம்பரில் பாம்பே உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால்?

பதற வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். நினைவில் வைக்க வேண்டியவை:

1. என்ன பிரிவு என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர் நகல் பெறுவது உங்கள் உரிமை. அதில் 66ஏ இருந்தால் அது செல்லாது. 2015, 2022 உத்தரவுகளை வக்கீல் மூலம் காட்டலாம்.

2. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது அவசியமில்லை என்றால், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது பிரிவு 35(3).

3. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முறைப்படி கொடுத்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிகள் நடக்கும் காலத்தில் இது இரட்டிப்பாகப் பயன்படும் தகவல். ஆனால் முறையான நோட்டீஸ் வந்தால் கண்டிப்பாகப் போங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடலாம்.

4. கைது செய்தால் காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைக் கலந்தாலோசிக்கும் உரிமை உண்டு. விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது.

5. போனைப் பறிமுதல் செய்தால், அதை ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் பிரிவு 105. பாஸ்வேர்டைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. வக்கீலிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

யாருடைய காதால் கேட்பது?

2025 மார்ச்சில் வந்த இம்ரான் பிரதாப்கர்ஹி வழக்கின் தீர்ப்பு முக்கியமானது. கவிதை ஒன்று பின்னணியில் ஒலிக்கும் வீடியோவைப் பகிர்ந்ததற்காக, மாநிலங்களவை உறுப்பினரான அவர் மீது குஜராத் போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில், எஃப்.ஐ.ஆர் போடும் முன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தும் வழியைப் போலீஸ் பயன்படுத்த வேண்டும் என்றது. ஒரு பேச்சு ஆபத்தானதா என்பதை, எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆளின் காதால் கேட்கக் கூடாது. நிதானமும் துணிவும் உள்ள மனிதரின் காதால் கேட்க வேண்டும் என்றும் சொன்னது.

நல்ல தீர்ப்பு. 2015-ல் வந்ததும் நல்ல தீர்ப்புதான். அது ஸ்டேஷன் வாசலைத் தாண்ட எத்தனை ஆண்டுகள் ஆனது என்பதைத்தான் மறக்கக் கூடாது.

பால்கர் பெண்கள் மீதான வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. கைதுக்குப் பொறுப்பான போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஆனால் அந்தப் பதிவைப் போட்டவர் கைதுக்குப் பிறகு தன் ஃபேஸ்புக் கணக்கையே மூடிவிட்டார். வழக்கில் தோற்றாலும் ஒருவரின் வாயை அடைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் உரிமை எந்தத் தீர்ப்பில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று ஸ்டேஷன் படிக்கட்டில் நிற்கும்போது யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். அந்த அடிக்குறிப்பை நீங்கள் முன்கூட்டியே படித்து வைத்திருக்க வேண்டும்.